நெடுஞ்சங்கிலியின் முறிவு

ரசாயனப் பாடநூல்களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பைப் பற்றிய அத்தியாயத்தைப் புரட்டினால், நீண்ட சங்கிலியுடைய ஹைட்ரோகார்பன்கள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் சிறு மூலக்கூறுகளாகச் சிதைகின்றன என்று பொருள்பட ஒரு வாக்கியம் தவறாமல் கண்ணிற்படும். இலக்கணம் கற்றவர்கள் அதிலுள்ள இரண்டு 'உம்'களையும் எண்ணும்மை என்பார்கள். எண்ணும்மையால் இணைக்கப்பட்டவை ஒரே தொழிலில் சமபங்குடையவை என்பது நம் காதின் பழக்கம். இராமனும் இலக்குவனும் காட்டுக்குப் போனார்கள் என்றால் இருவருமே நடந்தார்கள் என்றுதான் கொள்கிறோம். ஆகவே, வெப்பம் ஒருபுறமும் அழுத்தம் மறுபுறமும் நின்று, ஆலையிலிட்ட கரும்பைப்போல் எண்ணெயின் மூலக்கூற்றை நெரித்து முறிக்கின்றன என்ற சித்திரம் மாணாக்கனின் மனத்திற் படிந்துவிடுகிறது. இச்சித்திரம் பிழையானது. முறிப்பது வெப்பம் ஒன்றே. அழுத்தமோ முறிவுக்குத் துணை செய்யாதது மட்டுமன்று, கணக்குப் பார்க்கப் புகுந்தால் ஒருவகையில் அதற்கு விரோதியுங்கூட. அப்படியாயின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணெய்த் தொழில் நடத்தியவர்கள் பொருளையும் ஆட்களின் உயிரையும் பணயம் வைத்து அந்த விரோதியை ஏன் தேடிப் போனார்கள் என்பதே இங்கே விசாரிக்க எடுத்துக்கொண்ட விஷயம்.

கச்சா எண்ணெய் ஒரு தனிப் பதார்த்தம் அன்று. கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்க, எஞ்சிய கைகளை ஹைட்ரஜன் அணுக்கள் பற்றியிருக்கும் ஆயிரக்கணக்கான வெவ்வேறு மூலக்கூறுகளின் கூட்டம் அது. எட்டுக் கார்பன்கள் வரிசையாக நின்றால் அது ஆக்டேன். 126 டிகிரி சென்டிகிரேடில் கொதித்து ஆவியாகிப் பெட்ரோலில் சேரும். பதினாறு கார்பன்கள் நின்றால் அது ஹெக்ஸாடெக்கேன். 287 டிகிரி வரையில் அசையாது, டீசலோடு போய்ச் சேரும். அதனினும் நீண்டவை மசகெண்ணெயாகவும், மெழுகாகவும், தார்போன்ற வண்டலாகவும் அடியில் தங்கும். ஒரு ஹெக்ஸாடெக்கேன் சங்கிலியை நடுவில் இரண்டாக்க முடிந்தால் எட்டெட்டுக் கார்பனுடைய இரண்டு துண்டுகள் கிடைக்கும். விலைபோகாத கனத்த எண்ணெய், விலைபோகும் பெட்ரோலாகிவிடும். ஆங்கிலத்தில் கிராக்கிங் என்றும், தமிழில் பிளத்தல் என்றும் வழங்கும் தொழிலின் ஆசையெல்லாம் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையேயுள்ள ஒற்றைப் பிணைப்பை அறுக்க மோலுக்குச் சுமார் 83 கிலோகலோரி சக்தி வேண்டும். கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையேயுள்ளதை அறுக்கவோ 99 வேண்டும். ஆதலால் சூடேற்றும்போது முதலில் அறுவது சங்கிலியின் முதுகெலும்பேயன்றி அதன் மேலாடையன்று. மூலக்கூறுகள் வெப்பத்தால் துடிக்கின்றன. உஷ்ணம் உயர உயரத் துடிப்பு மிகுகிறது. எங்கோ ஒன்று, கோடியில் ஒன்று, தன் பிணைப்பு தாங்காத அளவுக்குத் துடித்து அறுந்துவிடுகிறது. இந்த அறுதல் சுமார் 350 டிகிரியைக் கடந்த பின்னரே தொழிலுக்குப் பொருட்படுத்தத்தக்க வேகம் பெறுகிறது. 400 டிகிரியின் அருகே, உஷ்ணம் ஏறத்தாழ 12 டிகிரி உயரும்போதெல்லாம் வேகம் இருமடங்காகிறது. வெறுமனே வடிகட்டப் போகிறவர்கள் இதனாலேயே கச்சா எண்ணெயை 370 டிகிரிக்குமேல் சூடாக்கத் தயங்குவார்கள். அதற்குமேல் போனால் வடிப்பதற்குப் பதில் சிதைத்தவர்களாவார்கள்.

இந்த இரண்டு உஷ்ணநிலைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிக்கல் எங்கேயென்பது விளங்கும். ஹெக்ஸாடெக்கேன் அறுவதற்கு 400 டிகிரி வேண்டும். ஆனால் 287 டிகிரியிலேயே அது ஆவியாகிக் கைநழுவிப் போய்விடுகிறது. திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நெருப்பு மூட்டினாலும் அது ஆவியாதலைத் துரிதப்படுத்துமேயன்றி, எண்ணெயை அறுபடும் உஷ்ணத்துக்கு உயர்த்தாது. நம் சமையலறை நல்லெண்ணெயின் கதை வேறு. அது கொதிநிலையைக் காணும் முன்னரே சிதைந்து, கண்ணைக் கரிக்கும் புகையாய்க் கிளம்புகிறது. வாணலியில் எண்ணெய் 'கொதிக்கிறது' என்று நாம் சொல்வதெல்லாம் வடையிலுள்ள தண்ணீர் கொதிப்பதைத்தான். பெட்ரோலிய எண்ணெய்களின் நடுப்பகுதிக்கு இந்த வசதி இல்லை. அவை முறிவதற்கு முன்னரே ஓடிப்போகும் இயல்பின. ஆகவே ஓடாமல் பிடித்து நிறுத்த ஒருவர் வேண்டும்.

பிடித்து நிறுத்துவதே இதன் இரகசியம் என்பது முதன்முதலில் ஒருவர் செய்த கடமைத் தவறினால் வெளிப்பட்டதாக ஒரு கதை எண்ணெய்த் தொழிலில் வழங்கிவருகிறது. 1859இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் கிணறு தோண்டி எண்ணெய் கண்டபின் இரண்டொரு ஆண்டுகளில், நியூஜெர்ஸியின் நியூவார்க் நகரத்தில், வாலையைக் கவனிக்க வேண்டிய ஆள், பாதி எண்ணெய் வடிந்த நிலையில் அடுப்பில் நெருப்பைப் பலமாக மூட்டிவிட்டு, ஒருமணியில் திரும்புவதாக எண்ணிப் போனவர், நான்கு மணிநேரம் கழித்தே வர நேர்ந்ததாம். அந்நேரத்தில் கனத்த எண்ணெய் வடிந்துகொண்டிருக்க வேண்டிய குழாயில் வெளுத்த, இலேசான எண்ணெய் வடிந்துகொண்டிருந்தது. கனத்த ஆவிகள் வாலையின் குளிர்ந்த மேற்பாகத்தில் பட்டுத் திரவமாகி, கீழே மிகையான சூட்டிலிருந்த எண்ணெயில் மீண்டும் மீண்டும் விழுந்து சிதைந்ததே இதன் காரணம். கதை முழுவதும் மெய்யோ அன்றோ, அதிலுள்ள ரசாயனம் மெய். அந்த வாலையில் சொல்லத்தக்க அழுத்தம் எதுவும் இல்லையென்பதையும், தடுத்துத் திருப்பியனுப்பும் ஓர் ஏற்பாடு மட்டுமே இருந்தது என்பதையும் வாசகர் கவனிக்க வேண்டும்.

அக்காலத்தில் மக்களுக்கு வேண்டியிருந்தது விளக்கெரிக்கும் கிரஸின். பெட்ரோலோ வாங்குவாரற்ற, தீப்பிடிக்கும் சனியன். ஆகவே நியூவார்க்கில் கண்ட உண்மையைக் கிரஸினைக் கொஞ்சம் கூடுதலாக வடிக்கப் பயன்படுத்தினார்களேயன்றி, அதற்குமேல் ஒருவரும் போகவில்லை. 1889இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் டூவரும் பாவர்டன் ரெட்வுட்டும் அழுத்தத்தின்கீழ் எண்ணெயை வடிக்கும் முறைக்கு உரிமை பெற்றார்கள். 1891இல் ரஷ்யாவில் விளாதிமீர் ஷூகவும் அவருடைய துணைவர் கவ்ரீலவும் குழாய்களில் எண்ணெயை ஓட்டிச் சூடேற்றிப் பிளக்கும் சாதனத்துக்கு உரிமை பெற்றார்கள். மாஸ்கோவில் இன்றும் வலைபோல் பின்னி நிற்கும் வானொலிக் கோபுரத்தைக் கட்டியவர் இதே ஷூகவ்தான். எண்ணெயைக் குழாயில் தொடர்ந்து ஓட்டுவது என்ற அவருடைய யோசனை பிற்காலத்தார் வந்தடைந்த இடத்துக்கு முன்பே போய் நின்ற ஒன்று. எனினும் சரக்கு வாங்க ஆளில்லாத காலத்தில் அது காகிதத்திலேயே தங்கிற்று.

மோட்டார் வண்டி வந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. அமெரிக்காவின் இண்டியானா மாகாணத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில், வைட்டிங் என்னுமிடத்தில் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி அமைத்திருந்த சுத்திகரிப்பாலையில் அப்போது வில்லியம் மெரியம் பர்ட்டன் பணியாற்றிக்கொண்டிருந்தார். 1889இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். ரசாயனம் கற்றவனுக்கு எண்ணெயாலையில் என்ன வேலை என்று கேட்ட காலத்தில் எண்ணெயாலைக்கு வந்தவர். வைட்டிங்கில் வடித்தது ஓஹையோவின் லைமா வயல்களிலிருந்து வந்த எண்ணெய். கந்தகம் மிகுந்து, அழுகிய முட்டையென நாறுவது. அதனோடு பழகியவருக்கு வேறெந்த எண்ணெயும் கடினமாய்த் தோன்றியிராது. 1909ஆம் ஆண்டையொட்டி அவரும் ஹம்ஃபிரீஸ், ரோஜர்ஸ் என்ற இரு துணைவர்களும் கனத்த எண்ணெயைப் பெட்ரோலாக்கும் பிரயத்தனத்தில் இறங்கினார்கள். சாதாரண அழுத்தத்தில் சூடேற்றிப் பார்த்தார்கள், பயன் சொற்பம். அலுமினியம் குளோரைடைக் கிரியா ஊக்கியாகச் சேர்த்துப் பார்த்தார்கள். வேலை செய்தது, ஆனால் விலை கட்டவில்லை. ஆகவே எஞ்சிய ஒரே வழியாகிய அழுத்தத்துக்கு வந்தார்கள்.

இம்முடிவின் துணிச்சலை இன்றைக்கு நாம் சரியாக அளவிடுவது கடினம். இரும்பைப் பற்றவைக்கும் வித்தை அந்நாளில் நம்பத்தக்கதாக வளர்ந்திருக்கவில்லை; எஃகுத் தகடுகளை ஆணியடித்து இறுக்கித்தான் கொப்பரைகள் செய்தார்கள். எட்டடிக் குறுக்களவும் இருபதடி நீளமும் கொண்ட அத்தகைய கொப்பரையில் எட்டாயிரம் காலனுக்குக் குறையாத எண்ணெயை நிரப்பி, அடியில் நிலக்கரி நெருப்பு மூட்டி, 400 டிகிரி வரை சூடாக்கி, சதுர அங்குலத்துக்கு 75 ராத்தல் அழுத்தத்தில் மணிக்கணக்காக நிறுத்தி வைப்பது என்றால், அருகே நிற்பவன் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும்! தையலின் இடுக்குகளில் எண்ணெய் கசிந்தது. கசிந்த எண்ணெய் சூட்டில் கரியாகி, இடுக்கைத் தானே அடைத்துக்கொண்டது. இந்த எதிர்பாராத உதவி இல்லாமற்போயிருந்தால் பர்ட்டனின் பெயர் இன்று யாருக்குத் தெரிந்திருக்கும்?

அதே கரி அடித்தகட்டில் படிந்தபோது சத்துருவாயிற்று. படிந்த இடத்தில் தகடு எண்ணெயால் குளிர்விக்கப்படாமல் சிவந்து வலிமையிழந்தது. ஒவ்வொரு முறை வடித்து முடிந்ததும் ஆட்கள், முழுக்க ஆறாத கொப்பரைக்குள் இறங்கிக் கரியைச் செதுக்கி எடுத்தார்கள். பெட்ரோல் என்னும் சரக்கின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பொதுவாக உரிமப் பத்திரத்தில் உள்ள பெயரோடு நின்றுவிடுகிறார்கள்; அந்தச் செதுக்குளிக்காரர்களின் பெயர் எங்கும் பதிவாகவில்லை.

நூறு கொப்பரைகள் அமைக்கப் பத்து லட்சம் டாலர் வேண்டுமென்று பர்ட்டன் நியூயார்க்கிலிருந்த தலைமையிடத்தைக் கேட்டார்; அபாயத்தை அஞ்சி மறுத்துவிட்டார்கள். 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பால் ஸ்டாண்டர்டு ஆயில் 34 கம்பெனிகளாகச் சிதறியது. தனியே பிரிந்த இண்டியானாக் கம்பெனியின் நிர்வாகிகள் பணம் தரச் சம்மதித்தார்கள். நெடுஞ்சங்கிலியை உடைக்கும் தொழில், ஒரு பெருங்கம்பெனி உடைந்ததால் பிறந்தது என்பது வரலாறு செய்த குறும்பு. 1913ஆம் ஆண்டு ஜனவரி 7இல் பர்ட்டனுக்கு உரிமம் கிடைத்தது. அவ்வாண்டிலேயே வைட்டிங்கில் தொழில் தொடங்கி, ஒரு பீப்பாய்க் கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கக்கூடிய பெட்ரோல் ஏறக்குறைய இருமடங்காயிற்று. ஃபோர்டின் ஆலையில் மோட்டார்கள் நகரும் வரிசையில் தயாராகத் தொடங்கியதும் அதே ஆண்டுதான்.

பர்ட்டன் செய்த நுட்பமான காரியம் ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. கொப்பரையில் மட்டுமன்றி, ஆவியைக் குளிர்விக்கும் குழாய்கள் வரையிலும் அழுத்தத்தைக் காத்து, அடைப்பான் திருகை அவற்றுக்கு அப்பால் வைத்தார். இதனால் கனத்த ஆவிகள் வழியிலேயே திரவமாகிக் கொப்பரைக்குத் திரும்பின. ஏற்கெனவே சிறுத்துவிட்ட இலேசான ஆவிகளே வெளியேறின. பெரியது போகக்கூடாது, சிறியது இருக்கக்கூடாது என்று காவலிருந்து பொறுக்கியனுப்பும் வாயிற்காவலனுக்குத்தான் இங்கே அழுத்தத்தை ஒப்பிடவேண்டுமேயன்றி, சம்மட்டி தூக்கிய கொல்லனுக்கு அன்று. பிரஷர் குக்கரில் பருப்பு வேகமாக வெந்துபோவதற்கும் காரணம் நீராவி பருப்பை நசுக்குவதா? மூடிய பாத்திரத்தில் தண்ணீர் 120 டிகிரி வரை தண்ணீராகவே நின்று சூடேறுகிறது, அவ்வளவே.

அழுத்தம் முறிவுக்கு விரோதி என்று முதலில் சொன்னதற்கும் கணக்குக் காட்டவேண்டும். ஒரு மூலக்கூறு இரண்டாவதால் இடம் அதிகம் தேவைப்படுகிறது. இடத்தைக் குறுக்குகிற எதுவும் அந்த மாற்றத்துக்கு எதிராகவே நிற்கும் என்பது பிரெஞ்சு ரசாயனி லெ ஷாட்டெலியே வகுத்த விதி. ஆனால் 400 டிகிரியில் சமநிலை முறிவின் பக்கமே வெகுவாகச் சாய்ந்திருப்பதால், ஐந்தாறு வளிமண்டலங்களின் எதிர்ப்பு அதைத் தடுக்கப் போதாது. சிறு தீமை, பெரு நன்மை என்ற முறையில் அழுத்தத்தைப் பொறுத்துக்கொண்டார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மூலக்கூறு எவ்விதம் அறுகிறது என்ற கேள்விக்குப் பர்ட்டனிடம் விடை கிடையாது. விடையில்லாமலே லட்சக்கணக்கான பீப்பாய்களைப் பிளந்தார். விடையின் முதற்கீற்று 1929இல் பெர்லினில் ஃபிரிட்ஸ் பானெட் நடத்திய பரிசோதனையில் தோன்றிற்று. ஈயத்தோடு நான்கு மீதைல்கள் இணைந்த சேர்மத்தின் ஆவியைக் கண்ணாடிக் குழாயினூடே வேகமாகச் செலுத்தி, ஓரிடத்தில் சூடாக்கினார். அங்கே ஈயம் பிரிந்து, குழாயின் உட்சுவரில் முகம்பார்க்கும் கண்ணாடிபோற் படிந்தது. பிறகு, அதற்கு முன்னுள்ள வேறோரிடத்தைச் சூடாக்கியபோது, புதிய இடத்தில் ஈயம் படிய, பழைய படிவோ கரைந்து மறைந்தது! சூட்டில் விடுபட்ட மீதைல் துண்டுகள், பற்ற ஆளில்லாத ஒரு வெறுங்கையோடு பாய்ந்துவந்து, வழியில் கண்ட ஈயத்தைப் பற்றிக்கொண்டு போயிருந்தன. அவற்றின் ஆயுள் விநாடியின் ஆயிரத்தில் சில பங்குகளே. இவற்றைத் தனி உறுப்புகள் என்று ரசாயனிகள் அழைக்கின்றனர். பர்ட்டன் படித்த ஜான்ஸ் ஹாப்கின்ஸிலேயே ஆசிரியராயிருந்த எஃப். ஓ. ரைஸ், இதே ஈயக் கண்ணாடியைக் கொண்டு, சாதாரண ஹைட்ரோகார்பன்களைச் சூடாக்கும்போதும் இத்தகைய வெறுங்கைத் துண்டுகள் பிறக்கின்றன என்று நிரூபித்தார். 1930களில் அவர் ஹெர்ட்ஸ்ஃபெல்டோடும், 1943இல் கொசியாகாஃபோடும் வகுத்த விளக்கம், நுணுக்கங்களில் திருத்தம் பெற்றாலும், அடிப்படையில் இன்றும் நிற்கிறது.

அவ்விளக்கத்தின் அழகு அதன் சிக்கனத்தில் இருக்கிறது. தொடக்கத்தில் எங்கோ ஒரு சங்கிலி அறுந்து, இரண்டு வெறுங்கைத் துண்டுகள் பிறக்கின்றன. வெறுங்கையைச் சகியாத துண்டு, அருகிலுள்ள முழுச் சங்கிலியிடமிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்துத் தான் அமைதியடைகிறது. பறிகொடுத்த சங்கிலி இப்போது வெறுங்கையோடு நிற்கிறது. வெறுங்கையுள்ள கார்பனுக்குப் பக்கத்துப் பிணைப்பு அன்று, அதற்கடுத்த பிணைப்பே அறுகிறது. அறுந்தவுடன் நடுவிலிருந்த இரண்டு கார்பன்களும் தங்களுக்குள் இரட்டைப் பிணைப்பாகக் கைகோத்துக்கொள்ள, அப்பால் போன துண்டு வெறுங்கையை ஏற்றுக்கொள்கிறது. அது அடுத்த சங்கிலியிடம் பறிக்கிறது. கடன்பட்டவன் வேறொருவனிடம் கடன்வாங்கி அடைப்பதுபோல, ஒரு தொடக்க முறிவு எண்ணற்ற முறிவுகளாய்த் தொடர்கிறது. ஒவ்வொரு முறிவுக்கும் 83 கிலோகலோரியை முழுமையாகச் செலுத்த வேண்டியதில்லை என்பதும், இத்தொழில் நடைபெறக்கூடிய உஷ்ணத்தில் நடைபெறுவதும் இதனாலேயே.

இங்கேதான் அழுத்தத்தின் இரண்டாவது, நுண்ணிய தொழில் புலப்படுகிறது. வெறுங்கைத் துண்டுக்கு இரண்டு வழிகள் உண்டு: அண்டையிலுள்ளவனிடம் ஹைட்ரஜனைப் பறித்து அமைதியடையலாம், அல்லது தன்னுடலையே மேலும் மேலும் இரண்டிரண்டு கார்பன்களாக உதிர்த்துக்கொண்டு போகலாம். அழுத்தத்தில் நெருக்கமாக நிற்கும் திரவத்தில் அண்டையார் மிகுதி. ஆதலால் துண்டு ஓரிரு முறிவோடு நின்றுவிடுகிறது, பெட்ரோலின் அளவான துண்டுகள் மிஞ்சுகின்றன. அழுத்தம் குறைந்த ஆவியில் அண்டையார் இல்லை. உஷ்ணமும் மிகுதியானால் சங்கிலி பாசிமணிபோல் உதிர்ந்து எதிலீன் என்னும் வாயுவாகிறது. எதிலீன்தான் வேண்டும் என்பவர்கள், பர்ட்டன் செய்ததற்கு நேர்மாறாக, அழுத்தத்தைக் குறைத்து, நீராவியைக் கலந்து மூலக்கூறுகளைத் தனிமைப்படுத்தி, 800 டிகிரிக்குமேல் விநாடிக்கும் குறைந்த நேரம் சூடேற்றி, உடனே குளிர்விக்கிறார்கள். பிளாஸ்டிக் யுகம் இந்த உலைகளிலிருந்து வருகிறது. உடைப்பது இரண்டிடத்திலும் வெப்பமே. உடைந்தது எந்த அளவில் நிற்பது என்பதை அழுத்தம் தீர்மானிக்கிறது.

ஹைட்ரஜன் கணக்கையும் மறந்துவிடலாகாது. பதினாறு கார்பனோடு முப்பத்துநான்கு ஹைட்ரஜன் உள்ள சங்கிலியை இரண்டாக்கினால் ஒரு துண்டு ஆக்டேனாகப் பதினெட்டு ஹைட்ரஜனை எடுத்துக்கொள்ள, மற்றதற்குப் பதினாறே மிஞ்சும். அது இரட்டைப் பிணைப்போடு நிறைவுறாத நிலையில் நிற்கும். பர்ட்டனின் பெட்ரோல் மஞ்சள் நிறத்தோடும் துர்நாற்றத்தோடும் வந்ததற்கும், வைத்திருந்தால் பிசின்போல் கெட்டிப்பட்டதற்கும் இத்தகைய நிறைவுறாத மூலக்கூறுகள் முக்கிய காரணம். வேடிக்கை என்னவென்றால், எஞ்சினில் அதுவே தட்டாமல் நன்றாக எரிந்தது. இலேசான பகுதிகளுக்குக் கூடுதல் ஹைட்ரஜன் போகப் போகக் கனத்த பகுதி வறுமைப்பட்டு, இறுதியில் கோக் என்னும் கரியாகிறது. கோக் இல்லாமல் வெப்பப் பிளப்பு இல்லை. இதனோடு போராடியவர்களுள் ஒருவருக்குத் தகப்பனார் கார்பன் என்றே பெயரிட்டிருந்தார். அந்தக் கார்பன் டப்ஸ் தம் பெண்களுக்கு மீதைல், எதைல் என்று பெயர் வைத்தார். எண்ணெயைக் குழாயிற் சூடாக்கித் தொடர்ந்து சுற்றவிட்டுக் கரி படியும் தொல்லையைக் குறைத்தது அவருடைய முறை. வைட்டிங்கிலோ 1929இல் எதிர்வழியில் போனார்கள். கரியைத் தவிர்க்க முடியாதெனில் அதற்கென்று தனியறை கொடுத்துவிடுவோம் என்று, உலையில் விரைவாகச் சூடான எண்ணெயைப் பெரும் பீப்பாய்களில் நிறுத்தி, அங்கேயே கோக்காகும்படி விட்டார்கள். 1937இல் யூஜின் ஹூத்ரி மண்வகைக் கிரியா ஊக்கியைக் கொண்டு பிளக்கும் முறையைப் பென்சில்வேனியாவின் மார்க்கஸ் ஹூக்கில் பெரிய அளவில் நிறுவியபின், பெட்ரோலுக்காக வெறும் வெப்பத்தை நம்புவது மெல்லக் குறைந்தது; வண்டலுக்கோ இன்றும் கோக் பீப்பாயே கதி.

பூமிக்குள் நடப்பதையும் சேர்த்துப் பார்த்தால் எண்ணும்மையின் வழக்கு முடிந்துவிடும். கடலடிச் சேற்றில் புதைந்த பாசிகளும் நுண்ணுயிர்களும் கெட்டிப்பட்ட கரிமப் பொருளாகி, 60 முதல் 150 டிகிரி வரையிலான சூட்டில், பல லட்சம் ஆண்டுகளில் எண்ணெயாகச் சிதைகின்றன. அதற்குமேற் சூடேறினால் எண்ணெயும் சிதைந்து வாயுவாகிறது. அந்த ஆழத்தில் அழுத்தம் நூற்றுக்கணக்கான வளிமண்டலங்கள். எனினும் ஓரிடத்தில் எண்ணெய் பிறந்திருக்குமா என்று கணிக்கும் புவியியலார் முதன்மையாகக் கேட்பது எவ்வளவு சூடு, எவ்வளவு காலம் என்ற இரண்டையுமே. ஒன்று குறைந்தால் மற்றது ஈடுசெய்யும். 1970களின் இறுதியில், பர்ட்டனுடைய இண்டியானாக் கம்பெனியைச் சேர்ந்த அமோகோவின் ஆய்வாளர்கள், மைக்கேல் லீவனும் துணைவரும், கரிமப் பொருள் நிறைந்த பாறையை உடைத்துத் தண்ணீரோடு எஃகுக் கலத்திலிட்டு மூடி, 330 டிகிரியை ஒட்டிய சூட்டில் மூன்று நாட்கள் வைத்தார்கள். கலத்தில் அழுத்தம் உண்டு. தண்ணீரைத் தண்ணீராக நிறுத்திவைக்க வேண்டிய அளவு. ஆறிய பின் திறந்தபோது, பாறைத் துண்டுகளுக்கு மேலே நின்ற தண்ணீரின்மீது கறுத்த எண்ணெய் மிதந்துகொண்டிருந்தது.